வயர்லெஸ் சேனல் என்றால் உண்மையில் என்ன? கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் சிக்கிய கற்றுக்குட்டியின் கேள்வி

தோப்புக்காரன்:
வணக்கங்க. நான் படித்தது பி.காம். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், தப்பாக ஏதாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே 1.2 கிலோமீட்டர். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க ஆசைப்பட்டு, தொலைவுக்குச் சின்னச் சின்னத் தகவல் அனுப்பும் லோரா என்ற ரேடியோ மாட்யூல் இரண்டு வாங்கி, ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிப் போர்டில் கோத்தேன். வீட்டுக்குள் அருமையாக ஓடியது. 300 மீட்டர் வரை ஓடியது. கிணற்று மோட்டார் ரூமில் கொண்டுபோய் மாட்டியதும் மூச்சே இல்லை.

வாங்கிய கடையில் கேட்டால் "சேனல் சரியில்லை, மாத்திப் பாருங்க" என்றார்கள். 865 மெகாஹெர்ட்ஸிலிருந்து 866.5 வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இணையத்தில் கிடைத்த சூத்திரத்தில் போட்டால் கிணற்றிலிருந்து வீட்டுக்கு −75 டிபிஎம் வரவேண்டும் (சிக்னல் பலத்தின் அளவு; கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்). மாட்யூலோ −123 வரை கேட்கும் என்று அதன் தகவல் தாளில் போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் வரவில்லை? சேனல் என்று எதைத்தான் சொல்கிறார்கள்?

குறுக்குக்கேள்வி:
ஆன்டெனா எங்கே இருக்கிறது? போட்டோ போடுங்க.

ஈசிஇ வாத்தியார்:
தம்பி, குழப்பம் உங்களுடையது இல்லை, அந்தச் சொல்லினுடையது. சேனல் என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறோம்.

ஒன்று, பட்டையை வெட்டிப் போட்ட பாத்தி. வைஃபையில் 1, 6, 11 என்று சொல்கிறோமே, அது. 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ் என்று நடு அதிர்வெண். பக்கத்து வீட்டுக்காரர் அதே பாத்தியில் நின்றால் வேறு பாத்திக்குப் போகலாம். கடைக்காரர் சொன்னது இதை.

இன்னொன்று, அனுப்பும் ஆன்டெனாவுக்கும் வாங்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் இருக்கிற எல்லாம். காற்று, மரம், சுவர், தரை, நடுவில் போகிற டிராக்டர் உட்பட. பாடத்தில் சேனல் என்றால் இதுதான். உங்கள் கிணற்றுக்குள் குனிந்து "ஓய்" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் விட்ட "ஓய்" வேறு, திரும்பிக் கேட்கிற "ஓய்" வேறு. இடையில் கிணறு அதை ஏதோ செய்திருக்கிறது. அந்த "ஏதோ"தான் சேனல். அதை நம்பர் மாற்றி மாற்ற முடியாது.

தோப்புக்காரன்:
கிணறு உதாரணம் பிடிபட்டதுங்க சார். போட்டோ போட்டிருக்கிறேன். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன், மழை படாமல் இருக்கட்டும் என்று.

குறுக்குக்கேள்வி:
அது இரும்புப் பெட்டி.

தோப்புக்காரன்:
ஆமாங்க.

குறுக்குக்கேள்வி:
கதவும் பூட்டியிருக்கிறது.

தோப்புக்காரன்:
😐 புரிந்துவிட்டதுங்க.

கோபுரத்துக்காரர்:
சிரிக்காதீர்கள், முப்பது வருஷம் மைக்ரோவேவ் லிங்க் பார்த்தவன் சொல்கிறேன், நானும் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். ஒரு முறை கோபுரத்தில் ஏறி அரை நாள் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தேன்; கீழே கேபிளே மாட்டவில்லை.

தம்பி, ஆன்டெனாவை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். ஆனால் அதோடு பிரச்சினை தீராது. −75 என்று கணக்குப் போட்டீர்களே, அது வெட்டவெளிச் சூத்திரம், 1946இல் ஃப்ரீஸ் எழுதியது. விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள் பேசிக்கொண்டால் அப்படியே பொருந்தும். உங்கள் தோப்பில் பொருந்தாது. பெட்டியிலிருந்து எடுத்த பிறகு என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

இறுதியாண்டு:
நான் ஈசிஇ கடைசி வருஷம். இந்த இழையைப் பார்த்ததும் அழுகை வருகிறது. பாத் லாஸ், ஷேடோயிங், ரேலீ ஃபேடிங் எல்லாம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஆனால் இவர் தோப்பில் நின்றால் அதில் எது நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. டெசிபலில் கழித்தல் எதற்கு, கூட்டல் எதற்கு என்றே இன்னமும் தடுமாறுகிறேன்.

ஈசிஇ வாத்தியார்:
அம்மா, டெசிபலை முதலில் முடித்துவிடுவோம், அது இல்லாமல் இந்தப் பாடத்தில் ஒரு அடி வைக்க முடியாது. 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. 3 என்றால் இரு மடங்கு. பெருக்கல் எல்லாம் கூட்டலாகிவிடும், வகுத்தல் எல்லாம் கழித்தலாகிவிடும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். டிபிஎம் என்றால் 1 மில்லிவாட்டை 0 என்று வைத்துக்கொண்டு எண்ணுவது. இவருடைய மாட்யூல் 14 டிபிஎம் விடுகிறது, அதாவது 25 மில்லிவாட். −123 டிபிஎம் என்பது அரை ஃபெம்டோவாட். வாட்டில் எழுதினால் புள்ளிக்குப் பிறகு பதினைந்து சுழியம் போட்டு ஒரு 5. யார் இதைப் பெருக்கி வகுத்துக்கொண்டிருப்பார்கள்?

இப்போது இவர் கணக்கு: 14, கூட்டல் இரண்டு ஆன்டெனாவுக்கும் 2, 2. மொத்தம் 18. வெட்டவெளியில் 866 மெகாஹெர்ட்ஸுக்கு 1.2 கிலோமீட்டரில் இழப்பு சுமார் 93. பதினெட்டில் தொண்ணூற்று மூன்று போனால் −75. கணக்கில் தப்பில்லை. இடம்தான் தப்பு.

வல்லைவெளி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட அப்பாவிட்ட ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. பகலில் மத்திய அலையில் ரெண்டு மூன்று நிலையம்தான். இருட்டினால் முள்ளை நகர்த்த நகர்த்தப் புதுப்புது நிலையங்கள், தெரியாத மொழியெல்லாம் கதைக்கும். பெட்டி அதே பெட்டி, ஏரியல் அதே ஏரியல். வாத்தியார் சொல்கிற கணக்கில், அங்க சேனல்தான் மாறினது, அப்படித்தானே?

ஈசிஇ வாத்தியார்:
அப்படியேதான். பகலில் வளிமண்டலத்தின் மேலே டி அடுக்கு என்று ஒன்று வெயிலால் உருவாகி மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்தால் அது கலைந்துவிடும். அலை அதற்கும் மேலே உள்ள அடுக்கு வரை போய்த் தெறித்துத் திரும்பும். இரவில் அந்தக் குரல் ஏறி இறங்கி, அமுங்கி, மறுபடி மேலே வரும், நினைவிருக்கிறதா? தெறித்து வந்த அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அடித்துக்கொண்டும் போவதால் வருவது. ஃபேடிங் என்று நம் மாணவி எழுதி மார்க் வாங்கியது இதைத்தான்.

கோபுரத்துக்காரர்:
பழைய டிவி பார்த்தவர்களுக்கு இன்னொரு சாட்சி. மாடியில் ஏரியல், திரையில் ஒரு முகத்துக்கு வலப்பக்கம் அதே முகத்தின் நிழல். "நிழல் விழுது, கொஞ்சம் திருப்பு" என்று கீழேயிருந்து கத்துவோம். நேராக வந்த அலைக்குப் பிறகு மலையிலோ கட்டடத்திலோ பட்டுச் சுற்றி வந்த அலை அது.

அந்த நிழலை வைத்தே தூரத்தை அளக்கலாம். நம் டிவியில் ஒரு வரியின் தெரியும் பகுதி 52 மைக்ரோ நொடி. 20 அங்குலப் பெட்டியின் திரை அகலம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். ஆக 1 சென்டிமீட்டர் என்றால் 1.3 மைக்ரோ நொடி. நிழல் 2 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் அந்த அலை 2.6 மைக்ரோ நொடி தாமதம், அதாவது 780 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது. திரையிலேயே அளவுகோல் வைத்துப் பார்த்து, எந்தக் குன்றில் பட்டு வருகிறது என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம்.

இறுதியாண்டு:
ஐயா! டிலே ஸ்பிரெட் என்பது இதுதானா? பாடத்தில் ஒரு வளைகோடு வரைந்து முடித்துவிட்டார்கள்.

கோபுரத்துக்காரர்:
இதுவேதான். டிஜிட்டலில் நிழல் தெரியாது. முந்தின எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் விழுந்து இரண்டையும் கெடுக்கும். அதனால்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடுகிறார்கள். வைஃபையில் வழக்கமாக 0.8 மைக்ரோ நொடி, 240 மீட்டர் சுற்றல் வரை தாங்கும், வீட்டுக்கு ஏராளம். 4ஜியில் 4.7 மைக்ரோ நொடி, 1.4 கிலோமீட்டர் வரை. ஊருக்கு ஊர் எதிரொலி எவ்வளவு நீளும் என்று அளந்து பார்த்துத்தான் இந்த எண்களை வைத்தார்கள். தோப்புக்காரர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், லோராவில் ஓர் எழுத்தே ஒரு மில்லி நொடி நீளம்.

தோப்புக்காரன்:
பெட்டியிலிருந்து எடுத்தாயிற்றுங்க. வெளிச்சுவரில் 2 மீட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் டப்பாவில். வீட்டிலும் காம்பவுண்டுச் சுவரில் 2 மீட்டர்தான். ஸ்பிரெடிங் ஃபேக்டர் என்ற லோரா அமைப்பை 7லிருந்து 12 ஆக்கினேன். வந்துவிட்டது! ஆனால் −121. பத்து அனுப்பினால் ஏழுதான் வருகிறது. −75 எங்கே, −121 எங்கே? 46 டெசிபலை யார் தின்றார்கள்?

ஈசிஇ வாத்தியார்:
இனிமேல்தான் பாடமே. ஊகம் வேண்டாம், அளப்போம். வீட்டில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெட்டவெளியாக ஒரு நேர் பாதையில் நடந்து போங்கள். 100, 200, 400, 800 மீட்டரில் எழுதிக்கொண்டு வாருங்கள். அப்புறம் வீட்டுக்குள் நடுக்கூடத்தில் நின்றபடி ஒரு சாண் இப்படியும் அப்படியும் நகர்த்தி எண்ணைப் பாருங்கள். தோப்புக்குள் இப்போது போக வேண்டாம்.

தோப்புக்காரன்:
வீட்டுக்குப் பின்னால் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் மேடு நேராகப் போகிறது, மரமே இல்லை. அதில் நடந்தேன். 100 மீட்டரில் −56, 200இல் −66, 400இல் −79, 800இல் −90. வழியில் இரண்டு பேர் செல்போன் டவர் வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள்.

வீட்டுக்குள் சாண் கணக்கு: ஒரு இடத்தில் −48, ஒரு சாண் தள்ளி −71. திரும்ப அதே இடத்துக்கு வந்தால் −48. நான் நகர்ந்தாலே மாறுகிறது!

ஈசிஇ வாத்தியார்:
அருமை. ஆய்வகத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்து தருவதில்லை.

முதலில் வாய்க்கால். வெட்டவெளிச் சூத்திரப்படி தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறைய வேண்டும். உங்களுக்குக் குறைந்தது 10, 13, 11. ஏறக்குறைய 12. இது தற்செயல் இல்லை. உங்கள் அலை இரண்டு வழியில் போகிறது: நேராக ஒன்று, தரையில் பட்டு ஒன்று. இவ்வளவு தாழ்ந்து போகும்போது தரையில் பட்ட அலை தலைகீழாகத் திரும்பும். 2 மீட்டர் உயரத்தில் இரண்டு ஆன்டெனா, 1.2 கிலோமீட்டர் தூரம் என்றால் இரண்டு வழிக்கும் நீள வித்தியாசம் 7 மில்லிமீட்டர்கூட வராது. அலைநீளமோ 35 சென்டிமீட்டர். ஆக நேர் அலையும் தலைகீழ் அலையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. அந்தக் கணக்குப்படி உங்கள் கிணற்றிலிருந்து வர வேண்டியது −75 இல்லை, −93. பதினெட்டு டெசிபலைத் தின்றது தரை.

மிச்சம் 28. அது தென்னை.

இறுதியாண்டு:
சாண் கணக்கு?

ஈசிஇ வாத்தியார்:
அது மூன்றாவது. சுவர், பீரோ, கூரை என்று நாலாபக்கமும் பட்டு வரும் அலைகள் ஒரு புள்ளியில் கைகோக்கும், அரை அலைநீளம் தள்ளினால் அடித்துக்கொள்ளும். இங்கே அரை அலைநீளம் 17 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் 6 சென்டிமீட்டர், அதனால்தான் போனைக் கொஞ்சம் நகர்த்தினால் வீடியோ ஓடுகிறது.

நீ எழுதிய ரேலீ இதுதான். எந்த அலையும் தலைவன் இல்லை, எல்லாம் கூட்டம். அப்படிப்பட்ட இடத்தில் சராசரிக்கு 10 டெசிபல் கீழே போகிற வாய்ப்பு நூற்றுக்குப் பத்து, 20 டெசிபல் கீழே போக நூற்றுக்கு ஒன்று. வாய்க்கால் மேட்டில் நேர் அலை பலமாக இருப்பதால் அங்கே இந்தக் கூத்து குறைவு. மூன்றையும் குழப்பிக்கொள்ளாதே: தூரத்தால் தேய்வது (பாத் லாஸ்) கிலோமீட்டர் கணக்கு, மரமும் வீடும் மறைப்பது (ஷேடோயிங்) தெருக் கணக்கு, இது சாண் கணக்கு.

வல்லைவெளி:
ஓடுகிற பஸ்ஸில் சாண் சாணாய்க் கடந்துகொண்டே போவோமே, அப்ப என்ன நடக்கும்?

ஈசிஇ வாத்தியார்:
வேகமாக ஏறி இறங்கும். 900 மெகாஹெர்ட்ஸில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் டாப்ளர், அதாவது ஓட்டத்தால் அதிர்வெண் நகர்வது, 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு நூறு குழிகள் வரை கடக்கிறீர்கள். போன் அத்தனையையும் சமாளித்துக்கொண்டு பேச விடுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தோப்புக்காரன்:
சரிங்க சார், ஒரு சந்தேகம். ஸ்பிரெடிங் ஃபேக்டரை 12 ஆக்கியதும் மட்டும் ஏன் வந்தது? மாட்யூலின் சக்தியைக் கூட்டவில்லையே.

கோபுரத்துக்காரர்:
தேர்த் திருவிழாக் கூட்டத்தில் பேரனைக் கூப்பிட்டிருக்கிறீர்களா? கத்தினால் மட்டும் போதாது, ஒவ்வோர் எழுத்தாக இழுத்து இழுத்துக் கூப்பிட வேண்டும். அதேதான். எந்த ரிசீவரிலும் வெப்பத்தால் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம். உங்கள் 125 கிலோஹெர்ட்ஸுக்கு −123. மாட்யூலின் சொந்த இரைச்சலையும் சேர்த்தால் −117. நீங்கள் பெற்ற −121 இரைச்சலுக்குக் கீழே கிடக்கிறது! இழுத்துச் சொன்னதால் பிடித்துக்கொண்டது. விலை நேரம்: 7இல் 10 பைட் அனுப்ப 40 மில்லி நொடி, 12இல் ஏறக்குறைய ஒரு நொடி. இரைச்சலும் பட்டை அகலமும் இவ்வளவு என்றால் இவ்வளவுக்கு மேல் தகவல் போகாது என்று 1948இல் ஷானன் எல்லை கட்டிவிட்டார். வேகத்தை விட்டுக்கொடுத்தால் தூரம் கிடைக்கும். கிணற்று மட்டத்துக்கு என்ன அவசரம்?

குறுக்குக்கேள்வி:
கேட்காமலேயே சொல்கிறேன். சிலர் 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் மலிவு என்று வாங்கிவிடுகிறார்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டது 865இலிருந்து 868 வரை. அதை விட்டுத் தாண்டாதீர்கள். இந்த விஷயத்தில் தோப்புக்காரர் சரியாக வாங்கியிருக்கிறார்.

கோபுரத்துக்காரர்:
இப்போது வைத்தியம். சக்தியைக் கூட்டாதீர்கள், உயரத்தைக் கூட்டுங்கள். தரை அலை தின்கிற கணக்கில், ஒரு பக்க உயரத்தை நாலு மடங்காக்கினால் 12 டெசிபல் கிடைக்கும். சக்தியில் அதைப் பெற 16 மடங்கு வேண்டும். கிணற்றுப் பக்கம் ஜிஐ குழாய் போட்டு 8 மீட்டருக்கு ஏற்றுங்கள். வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வையுங்கள்.

இன்னொன்று: அலை நூல் பிடித்த மாதிரி மெல்லிய கோடாகப் போவதில்லை. நடுவில் பூசணி மாதிரி பருத்துப் போகும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். உங்கள் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் 10 மீட்டர். அதில் பத்துக்கு ஆறு பங்காவது காலியாக இருந்தால் நல்லது. கண்ணுக்கு எதிர்க்கோடி தெரிகிறது என்பது மட்டும் போதாது.

தோப்புக்காரன்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தேங்காய் வெட்டு. கிணற்றில் குழாய் போட்டு 8 மீட்டர் ஏற்றியதும் −111. வீட்டில் தொட்டி மேல் 7 மீட்டருக்கு ஏற்றியதும் −102. இரண்டு நாளாக ஒன்றுகூட விடுபடவில்லை. ஸ்பிரெடிங் ஃபேக்டரை 9க்கு இறக்கியும் வருகிறது.

ஆனால் சார், நீங்கள் சொன்ன இரண்டு வழிச் சூத்திரத்தில் புது உயரத்தைப் போட்டால் −70 வருகிறது. வெட்டவெளியை விட நல்லதாக! அது எப்படி?

ஈசிஇ வாத்தியார்:
இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு டிகிரி கொடுக்கலாம். அந்தச் சூத்திரம் உயரத்தோடு ஒப்பிட்டால் தூரம் மிகப் பெரிதாக இருக்கும்போது மட்டும் செல்லும் சுருக்கம். ஆன்டெனாக்கள் ஏறிய பிறகு உங்கள் 1.2 கிலோமீட்டர் அந்த அளவுக்குத் தூரம் இல்லை. அந்த இடத்தில் வெட்டவெளிக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள், −75. அதிலிருந்து −102 வரை 27. முன்பு தென்னை தின்றது எவ்வளவு?

தோப்புக்காரன்:
28ங்க!

இறுதியாண்டு:
நான் இன்று எங்கள் விடுதி வராந்தாவில் போனை வைத்துக்கொண்டு வைஃபை எண்ணை நாற்பது இடத்தில் எழுதினேன். ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு முறை. பக்கத்து அறைக்காரிகள் பார்த்துவிட்டுப் போனார்கள். குழிகள் வருகின்றன, ஆனால் சரியாக ஆறில் வரவில்லை.

ஈசிஇ வாத்தியார்:
வராது. அலைகள் எதிரெதிரே இரண்டு மட்டும் வந்தால்தான் ஒழுங்காக வரும். வராந்தாவில் எங்கிருந்தெல்லாம் வருகின்றனவோ! போன் காட்டுகிற எண்ணும் பல அதிர்வெண்களின் சராசரி, அதனால் குழி ஆழமாகத் தெரியாது. நாற்பதையும் ஏறுவரிசையில் அடுக்கி, எத்தனை எண் எவ்வளவுக்குக் கீழே என்று ஒரு படம் போட்டுப் பார். ரேலீ வளைகோட்டை அதன் மேல் வரை.

தோப்புக்காரன்:
நேற்று மழை. −102 இருந்தது −108 ஆகிவிட்டது. மழையும் தின்னுமா?

கோபுரத்துக்காரர்:
உங்கள் அதிர்வெண்ணில் மழைத்துளி ஒன்றும் செய்யாது. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால்தான் மழை கடிக்கும். மழையில் டிடிஹெச் நின்றுபோவது அதனால். உங்களுக்கு நனைந்த மட்டைதான் காரணம். வெயிலில் காய்ந்ததும் பாருங்கள்.

அது கிடக்கட்டும். தோப்பு நடுவில் 8 மீட்டர் இரும்புக் குழாய் நட்டிருக்கிறீர்களே, எர்த் போட்டீர்களா?

தோப்புக்காரன்:
இல்லீங்க. மோட்டார் எர்த்தோடு சேர்த்துவிடலாமா?

கோபுரத்துக்காரர்:
குழாய்க்குத் தனிக் குழி வெட்டி இறக்கி, அப்புறம் அதையும் மோட்டார் எர்த்தையும் தடித்த கம்பியால் இணையுங்கள். எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இடி மழை வருவதற்குள்.

தோப்புக்காரன்:
நாளைக்கே குழி வெட்ட ஆள் சொல்லிவிட்டேனுங்க ஐயா. காலையில் −103, மட்டை காய்ந்துகொண்டிருக்கிறது.